தூக்கப்பட்ட பதினேழு போன்கள்

என் மகள் அம்ராவுக்கு ஏழு வயது. மூன்று வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அவளுடைய கையில் ஒட்டியிருக்கும் சென்சர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் இரத்தத்திலுள்ள சீனியை அளந்து, கட்டிலருகே இருக்கும் சிம் இல்லாத பழைய போனுக்கு அனுப்பும். அந்தப் போன் வீட்டு வைஃபை வழியாக என் போனுக்கு அனுப்பும். அதை நம்பித்தான் நான் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து துறைமுகத்தடியில் வேலைக்கு வருகிறேன்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு எண் நின்றுவிட்டது. நூற்றிருபது. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

புது ரவுட்டர் பூட்டி மூன்று நாள்தான். தோஹாவில் இருந்தபடியே கட்டுப்படுத்தலாம் என்று என் கணவர் ஸஜ்ஜாத் வாங்கியது. நாலு வருடமாக வீட்டுக்கு வராத மனிதர், வீட்டு வைஃபைக்கு மட்டும் முதலாளி.

பகலில் பிள்ளையைப் பார்ப்பவள் ஸஜ்ஜாத்தின் தங்கை சுஹைரா. அவளுக்குப் போன் எடுத்தேன்.

"அம்ரா எங்க?"

"சாப்பிட்டுப் படுத்துட்டா மச்சி. நல்ல நித்திரை."

"அவட போன்ல நெட் இல்ல போல. ஒருக்கா ஓஃப் பண்ணித் திரும்பப் போடு."

போட்டாள். சரிவரவில்லை. ரவுட்டருக்குக் கிட்டக் கொண்டு போகச் சொன்னேன். அறையிலிருந்து ஹோலுக்குக் கொண்டு போனாள். பாஸ்வேர்டை அழித்துத் திரும்ப அடிக்கச் சொன்னேன். பழைய போன்களுக்குப் புது ரவுட்டர் சிலவேளை ஒத்துவராது என்று பூட்ட வந்தவர் சொல்லியிருந்தார். அதனால் ரவுட்டரையே நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னேன்.

"ஏலாது மச்சி. கனெக்ட் ஆகுதில்ல எண்டே சொல்லுது."

"நம்பர் என்ன காட்டுது?"

"நூத்தி இருவது."

அந்த எண் இரண்டு மணியுடையது. சென்சரை விட்டு இருபது அடி தள்ளிப்போனால் அந்தப் போனுக்கு ஒன்றுமே தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை. ஸஜ்ஜாத்துக்கு எடுத்தேன். மூன்றாம் தடவைதான் பதில் வந்தது.

"வைஃபையில என்ன செஞ்சீங்க?"

"ஆரு ஆரோ தொங்கிக்கிட்டிருந்தாங்க நஸ்ரியா. பேர் தெரியாத போன் பதினேழு. இப்ப பிரேக்லதான் எல்லாத்தையும் தூக்கினனான்."

எங்கள் ஒழுங்கை முழுக்க அந்தப் பாஸ்வேர்ட் தெரியும். நோன்புக் கஞ்சி கொடுப்பதுபோல வீடு வீடாகக் கொடுத்தவள் நான்தான். ரவுட்டர் மாறியபோதும் பழைய பாஸ்வேர்டையே வைக்கச் சொன்னேன்.

"அதுல ஒண்டு அம்ராட போன்!" என்று கத்தினேன்.

அதற்குள் சுஹைராவின் அழைப்பு வந்தது. பேசியது பக்கத்து வீட்டு றுஷ்தா.

"ராத்தா, வைஃபை ஏன் இல்ல எண்டு கேக்க வந்தனான். அப்பிடியே அறைக்குள்ள எட்டிப் பாத்தன். பிள்ள வேர்வையில நனைஞ்சு கிடக்கு. கூப்பிட்டாக் கண் துறக்குதில்ல. சுஹைரா விரல்ல குத்திப் பாத்தா. நாப்பத்தொண்டு."

பகல் இன்சுலின் ஊசிக்குப் பிறகு பாதிச் சோறுதான் தின்றிருக்கிறாள்; சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. நாற்பது நிமிடமாக நாங்கள் இருவரும் போனைத்தான் பார்த்தோம். அடுத்த அறையில் கிடந்த பிள்ளையை ஒருதரம் தொட்டுப் பார்க்கவில்லை.

"குளுக்கோஸ விரல்ல தொட்டுக் கன்னத்துக்குள்ள பூசு. தண்ணி ஊத்தாத, புரையேறும். ஒருக்களிச்சுப் படுக்க வை."

"பூசுறன் ராத்தா."

நான் அலுவலகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை. சுஹைரா அழுவது கேட்டது. றுஷ்தா பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு மிகவும் சின்னதாக, "உம்மா எங்க?" என்று ஒரு குரல்.

ஆட்டோவில் பாலத்தைக் கடக்கும்போது ஸஜ்ஜாத் எடுத்தார். விக்கி விக்கி அழுதார். எல்லாப் போன்களையும் திரும்ப உள்ளே விட்டுவிட்டாராம். அது மகளின் போன் என்று தெரியாமல் போய்விட்டதாம். நடந்ததைச் சொன்னேன்.

"ஆரு அந்த றுஷ்தா?" என்று கேட்டார்.

"நீங்க தூக்கின பதினேழுல ஒருத்தி."