பிலோமினம்மாள் பார்க்காத கடைசி வாரம்

அது எண்பத்தைந்தா, எண்பத்தாறா என்று இப்போது அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இதில் வரும் வீடியோ கேசட்டுகள் ஆறா ஏழா என்பதிலும் சந்தேகம்தான். குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் எட்டாம் மாடியில் நடந்தது என்பது மட்டும் நிச்சயம்.

வெள்ளிக்கிழமை மாலை டிவியில் நீலவேணி என்ற விதவையின் தொடர்நாடகம் வரும். அந்த நேரத்தில் எங்கள் மாடியில் இருந்த இளம்பெண் பிரிஜட் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிஃப்டில் இருப்பாள். மறுநாள் காலை அதே வரிசையில் இருந்த பிலோமினம்மாளின் சமையலறை ஸ்டூலில் வந்து உட்காருவாள். பிலோமினம்மாள் வெங்காயம் உரித்தபடியே, நீலவேணியின் மாமியார் கதவைச் சாத்திய சத்தம்வரை ஒன்றுவிடாமல் சொல்வாள். மூன்று வருடம் இப்படி. பிள்ளையில்லாத அந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒருத்தி கண்கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி சீசனின் கடைசி வெள்ளிக்கிழமை, மாதா கோயில் பங்கில் ஒரு துக்க வீட்டில் ஜெபமாலை. போகாமலிருக்க முடியவில்லை. மறுநாள் பிரிஜட் ஆசையோடு வந்து உட்கார்ந்தபோது, பார்க்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. தானாக ஒரு முடிவு கட்டி நீலவேணியைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டாள். கையசைக்கக்கூட ஆளில்லை என்றாள். பிரிஜட் அழுதாள். அந்த அழுகை பிலோமினம்மாளுக்கு இனித்தது.

நான்கு மாதம் கழித்து அந்த சீசன் முழுக்க வீடியோ கேசட்டாக சிராங்கூன் ரோட்டுக் கடைக்கு வந்தது. கேலாங்கிலிருந்து பிலோமினம்மாளின் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கமலா, வீடியோ டெக் வைத்திருந்தவள், வாங்கிவிட்டாள்.

"அக்கா, எனக்கு இந்த வாரம் லீவு லா. கமலா கூப்பிடுறா, நீங்களும் வாங்க."

"பார்த்ததையே திரும்பப் பார்க்க எனக்கென்ன வேற வேலையில்லையா?"

அந்த வாரம் முழுக்கச் சுவருக்கு அப்பால் சிரிப்புச் சத்தம். கமலாவின் வாசலில் பிரிஜட்டின் செருப்பு ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது. பிலோமினம்மாளின் வாசலில் அவள் ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் உதறிவிட்டு வருவாள். சேர்ந்திருந்த அந்தச் செருப்பைப் பார்த்தபடி பிலோமினம்மாள் வெகுநேரம் நின்றாள்.

சனிக்கிழமை பிரிஜட் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நீலவேணி கப்பல் ஏறலக்கா."

வெங்காயம் உரித்த கை நின்றது.

"இப்ப கப்பல் வரும் பாரு, இப்ப வரும் பாருன்னு கமலாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். படம் முடிஞ்சிருச்சு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா." பிரிஜட் நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு நீங்க பார்க்கலதானே?"

"ஜெபமாலைக்குப் போயிட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல. சரி, நீங்க உட்காருங்க. நான் சொல்றேன்."

அவள் எழுந்து ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். மாமியாரின் கதவுச் சத்தத்தில் தொடங்கினாள். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்திக் காக்க வைப்பது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பிலோமினம்மாளுக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு நாளும் கமலாவின் மேலிருந்த எரிச்சல் இப்போது மொத்தமாக இவள்மேல் வந்து இறங்கியது. தன்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

கதையில் நீலவேணி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"போதும்" என்றாள் பிலோமினம்மாள். "எண்ணெய் காயுது."

அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

பிரிஜட் கல்யாணமாகி ஆங் மோ கியோவுக்குப் போனாள். கமலாவின் கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. பிலோமினம்மாள் கடைசிவரை அதே வீட்டில் இருந்தாள். நீலவேணி என்ன ஆனாள் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.