ஓஷில்டின் வழக்குக்கு ஒரு நீதிபதி

மூன்றாவது நீதிபதியும் வழக்கிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதியிருந்த கடிதத்தைப் படித்ததும் குன்வோர் தலையில் கை வைத்துக்கொண்டாள். நார்வேயின் மேற்குக் கரையிலிருந்த அந்தச் சின்ன நீதிமன்றத்தில் மொத்தமே மூன்று நீதிபதிகள்தான். வழக்குகளை அவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை.

வழக்கு ஒன்றும் சிக்கலானதல்ல. பனிச்சறுக்குச் சங்கத்தார் நடைபாதையின் குறுக்கே போட்டுவிட்டு எடுக்காமல் விட்ட கம்பி தடுக்கி, பள்ளிச் சமையல்காரி ஓஷில்ட் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். சங்கம் பொறுப்பேற்கவில்லை. அவள் வழக்குப் போட்டு இரண்டு வருடமாகிறது. அந்த ஊரிலோ சங்கத்தோடு ஒட்டுறவில்லாத ஆளைக் காண்பது அரிது. முதல் நீதிபதியின் மைத்துனர்தான் சங்கத் தலைவர். இரண்டாமவரின் மகள் அங்கே பயிற்சி எடுக்கிறாள். மூன்றாமவர் ஹால்வார்ட் ஊருக்கு வந்து நான்கே மாதம். அவரைத்தான் குன்வோர் மலைபோல் நம்பியிருந்தாள்.

கடிதத்தோடு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"நீங்களும் உறுப்பினரா?"

"போன ஞாயித்துக்கிழமைதான் சேர்ந்தேன்," என்றார் ஹால்வார்ட் நெளிந்தபடி. "வாஃபிள் சாப்பிடலாம்னு அவங்க குடிலுக்குப் போனேன். ஒரு அம்மா படிவத்தை நீட்டினாங்க. மறுக்க முடியல."

"ஒரு வாஃபிளுக்காகவா? வழக்கு உங்ககிட்ட இருந்துச்சே!"

"வழக்குக் கட்டை நான் இன்னும் பிரிக்கவே இல்ல, குன்வோர்."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கதவைப் பலமாகச் சாத்திவிட்டு வந்து ஓஷில்டுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னும் எத்தனை பேரும்மா மிச்சம்?" என்றாள் ஓஷில்ட்.

"இங்க யாருமில்ல. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எழுதறேன். வெளியூருக்கு மாத்திடுவாங்க."

"எழுது, எழுது. கம்பியைப் போட்டவன் தினமும் என் வாசல் வழியாக் கையாட்டிட்டுப் போறான். நானும் பதிலுக்கு ஆட்டிட்டு உக்காந்திருக்கேன்."

ஆறு வாரம் கழித்து வழக்கு பக்கத்துப் பள்ளத்தாக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அங்கிருந்த ஒரே நீதிபதி, இரண்டு ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் பந்தயத்துக்கு நடுவராம்.

குன்வோர் மறுபடி எழுத உட்கார்ந்தாள். 'தயவுசெய்து பனியே விழாத ஊரிலிருந்து யாரையாவது அனுப்புங்கள்' என்று கடைசி வரியாக அடித்தாள். அழித்தாள். யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அடித்து அனுப்பினாள்.

தெற்குத் தீவு ஒன்றிலிருந்து இங்வில் என்ற பெண் நீதிபதி படகேறி வந்தார். படகுத்துறையிலேயே குன்வோர் கேட்டுவிட்டாள்: "ஏதாவது சங்கத்துல இருக்கீங்களா?"

"தேனீ வளர்ப்போர் சங்கத்துல."

"தேனீங்க பனிச்சறுக்குப் போகாதே?"

"இதுவரைக்கும் போனதில்ல," என்றார் இங்வில்.

விசாரணை நான்கு மணி நேரத்தில் முடிந்தது. ஓஷில்டுக்கு முன்பே இரண்டு பேர் அந்தக் கம்பியைப் பற்றிப் புகார் சொன்னதைச் சங்கச் செயலாளரே ஒப்புக்கொண்டார். இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. தவறு சங்கத்தினுடையது.

நகல் வாங்க ஓஷில்ட் கைத்தடியோடு வந்தாள். நன்றி எதுவும் சொல்லவில்லை.

"நாலு மணி நேர வேலை. இதுக்கா ரெண்டு வருஷம்?"

குன்வோர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஓஷில்ட் உட்காராமல் நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"என் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

"ஐயோ, கொடுங்க, திருத்தச் சொல்றேன்."

"வேண்டவே வேண்டாம்," என்று காகிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டாள் ஓஷில்ட். "அதுக்கும் ஒரு நீதிபதியைத் தேடக் கிளம்பிடுவ நீ."