கெர்ஸ்பாக்கின் மர எண்ணெய்

1926ஆம் ஆண்டு ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு, கெர்ஸ்பாக் ஊரின் பால் லாரி துளிர்விட்டது. முதலில் எஞ்சின் மூடியின் விளிம்பில் நாலு இலை, பிறகு சக்கரத்துக்கு மேலே ஒரு கொத்து. எட்டு மணிக்கு, யாரும் கைப்பிடியைச் சுழற்றாமலே எஞ்சின் ஓட ஆரம்பித்தது. அன்று உருளைக்கிழங்கு மூட்டை மூன்று மார்க்குக்கு விற்றது, வெயில் சுமார்தான். லாரி ஓட்டும் ஆடம் ட்ராட்மன் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தான், மென்றும் பார்த்தான், பழம் தரும் பீச் அல்ல, காட்டு பீச் மரத்து இலை என்று சொல்லிவிட்டுப் பால் ஊற்றப் போய்விட்டான். ஓடன்வால்ட் மலைக்காட்டில் பிறந்தவனுக்கு இலை தெரியாமலா போகும்?

செய்தி கேட்டு ஓடிவந்தவள் ஒட்டிலி ரவ் ஒருத்திதான். மரக்கூழ் ஆலையின் ரசாயன டாக்டர் அவள். முப்பத்தொரு வயது, எதையும் இரண்டு தடவை நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். குளிர்காலம் முழுக்க அவள் பீச் மரத்தைக் காரக் கரைசலில் வேகவைத்து, பிசினையும் சாயத்தையும் போக்கி, வெள்ளை நாரை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். செல்லுலோஸ் என்பது அந்த நார்தான், சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் சங்கிலி. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி ஆக்சிஜன். விறகு பெட்ரோலைப் போல எரியாததற்கு அந்தப் பாதிதான் காரணம். நாரை உருக்குக் கலத்தில் அடைத்து, ஹைட்ரஜன் வாயுவை அழுத்திச் செலுத்தி, நிக்கல் தூளைச் சேர்த்து, நானூறு டிகிரி வரை சூடேற்றுவாள். நிக்கல் கல்யாணத் தரகரைப் போல, இரண்டு பேரைச் சேர்த்துவைத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். ஹைட்ரஜன் ஆக்சிஜனைக் கைப்பிடித்துத் தண்ணீராக வெளியேறும், மிஞ்சுவது எண்ணெய். எல்லாம் புத்தகப்படி சரியாகவே நடந்தது. ஆனால் ஜனவரியில் அந்த எண்ணெயில் தீக்குச்சியைப் போட்டால் குச்சிதான் அணைந்தது. ஆலை முதலாளி எமில் ஹோர்ன் நாற்பது பீப்பாய்களையும் கொட்டகையில் தள்ளச் சொன்னார். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிக்கிற ஆசாமியான ஆடம், அதில் ஒன்றை லாரியில் ஊற்றிப் பார்த்து, ஓடாததால் முற்றத்திலேயே விட்டிருந்தான்.

அந்தக் கோடையில் ஊரில் ஓடிய வண்டிகள் எல்லாம் மர எண்ணெயில்தான் ஓடின. நல்ல வெயிலில் பறந்தன, மேகம் மூடினால் தளர்ந்தன. பாதிரியாரின் மோட்டார் சைக்கிளில் ஒரு குருவி கூடு கட்டியதால் அவர் மூன்று வாரம் நடந்தே போனார். செப்டம்பரில் லாரியின் புகைக்குழாயிலிருந்து பன்றிகளுக்குப் பிடித்த பீச் கொட்டைகள் உதிர்ந்தன. ஆடம் போன இடமெல்லாம் ஊர்ப் பன்றிகள் பின்னாலேயே போயின. ஒட்டிலி எல்லாவற்றையும் நிறுத்து எழுதினாள், இலைகளின் நரம்புகளைக்கூட எண்ணினாள். நிறமும் மணமும் பிசினும் போன பிறகு மரத்தில் மிச்சமிருப்பது என்ன என்ற கேள்வி அவளைச் சாப்பிடவிடவில்லை. அக்டோபர் கடைசியில் லாரி பழுத்தது, இலையெல்லாம் கொட்டியது, மேட்டின் பாதியில் நின்றது. ஊரிலிருந்த மற்ற வண்டிகளும் அதே வாரத்தில் நின்றன.

இது வெறும் வேடிக்கையாக முடிந்திருக்கும். ஆனால் கோடையில் தலைகால் புரியாமல் இருந்த ஹோர்ன், பெர்லின் தபால் இலாகாவுக்குக் கடிதம் போட்டுவிட்டார். தபால் வண்டிகளுக்கு இந்த எண்ணெயை வாங்கலாமா என்று பார்க்க, பிப்ரவரி மூன்றாம் தேதி ஓர் அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. மரக்கூழை வாங்க ஆளில்லாததால் ஆலை இந்த எண்ணெயைத்தான் நம்பியிருந்தது. அன்று லாரி ஓடாவிட்டால் ஆலையைப் பூட்டுவதாக ஹோர்ன் அறிவித்தார், அறுபத்துமூன்று குடும்பங்களுக்கு அங்கிருந்துதான் சோறு. ஒட்டிலி பீப்பாய்களுக்கு விளக்கு வைத்து வெயில் காட்டினாள். வெளுத்த முளை இரண்டு வந்து வாடின. அவளுக்குப் பயமாக இருந்தது, அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

கெர்ஸ்பாக்கில் மரத்தைக் குளிர்காலத்தில்தான் வெட்டுவார்கள், அதுவும் தேய்பிறையில். வேறு நாளில் கோடரி எடுப்பவனுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். ஜனவரியில் ஒருநாள் காட்டிலிருந்து மரம் இறங்குவதை ஒட்டிலி பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடமின் மனைவி கேத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தூங்குற மரத்தத்தான டாக்டரம்மா வெட்டுறோம்," என்றாள். "செத்துப்போச்சுன்னு அதுகிட்ட யாரு சொன்னா?"

ஒட்டிலி ஆலைக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். தூங்கும்போது வெட்டிய மரம் குளிர்காலமெல்லாம் தூங்கத்தான் செய்யும். விழித்திருக்கும்போது அறுத்த நார் வேண்டும். பனி மூடிய ஊரில் அது எங்கே இருக்கும்? ஆளிவிதை தரும் ஆளிச் செடியைக் கோடை நடுவில், பச்சை மாறுவதற்குள் பிடுங்குவார்கள். அதன் தண்டு நாரில் நெய்வதுதான் லினன் துணி. லினன் இல்லாத வீடு ஊரில் இல்லை. பெண் பிறந்த நாளிலிருந்து தாய் நெய்து, பெயரெழுத்துத் தைத்து, சீர்ப்பெட்டியில் அடுக்கிவைக்கும் விரிப்புகள். கல்யாணமாகி இருபது வருடமானாலும் அவற்றில் பாதியை மடிப்புக் கலைக்கமாட்டார்கள். அதைப் போய் யாரிடம் கேட்பது?

மறுநாள் அவள் தன் பெட்டியிலிருந்த பன்னிரண்டு விரிப்புகளையும் கைவண்டியில் ஏற்றி, கடைத்தெரு வழியாகவே தள்ளிக்கொண்டு போனாள். கல்யாணமே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டாள் என்று ஊர் பேசியது. கேத்தி வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே போனாள், தன் பெட்டியை ஆடமின் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மாமியார் வழிமறித்து, இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"விரிப்பு இல்லாமத் தூங்கிரலாம் அத்தே," என்றாள் கேத்தி. "வயித்துல ஒண்ணுமில்லாம எப்பிடித் தூங்குறது?"

அன்று மாலைக்குள் ஆலை முற்றத்தில் லினன் மலையாகக் குவிந்தது. மாமியாருடையதும் அதில் இருந்தது, அடியில்.

பிப்ரவரி இரண்டாம் தேதி காலை, லினனிலிருந்து எடுத்த எண்ணெயை ஊற்றியதும், பனிக்கு நடுவே லாரி நீலநிறமாகப் பூத்து ஓடியது. சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பூவெல்லாம் உதிர்ந்து நின்றது. ஆளிப் பூ மதியத்தைத் தாண்டாது என்பது ஒட்டிலிக்குத் தெரிந்ததுதான், நினைவுதான் வரவில்லை. ஹோர்னோ விருந்து பன்னிரண்டுக்கு, ஓட்டம் இரண்டுக்கு என்று ஏற்பாடு செய்திருந்தார். விருந்தாளியை வெறும் வயிற்றோடு வண்டியில் ஏற்றுவது குடும்பத்துக்கே அவமானம் என்று நேரத்தை மாற்ற மறுத்துவிட்டார். அதனால் மறுநாள் பத்தரை மணி ரயிலில் வந்திறங்கிய அதிகாரி ட்ஸெல்னரை, ஒட்டிலி முதலாளிக்கு முந்திக்கொண்டு ரயிலடியிலேயே லாரியில் ஏற்றிவிட்டாள். மலையைச் சுற்றி முப்பது கிலோமீட்டர். அதிகாரியின் மடியில் இதழ்கள் விழுந்துகொண்டே இருந்தன, அவர் பொறுமையாகத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். விருந்து ஏற்பாடாகியிருந்த விடுதி வாசலில் லாரி நின்றபோது கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. கடைசி இதழ்களும் உதிர்ந்தன, எஞ்சின் அணைந்தது.

மதியத்துக்கு மேல் ஓடாதா என்று அவர் கேட்டார். ஓடாது என்றாள் ஒட்டிலி. பொய் சொல்ல அவளுக்கு வராது.

ட்ஸெல்னர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். "எங்க தபால்காரங்க பதினொன்னரைக்கே பையக் காலி பண்ணிடுறாங்க," என்றார். "அப்புறம் வண்டி ஓடி யாருக்கு என்னம்மா ஆகணும்?"

கோடைக்கு மரம், குளிருக்கு ஆளி என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. வசந்தத்தில் தரிசிலெல்லாம் ஆளி விதைத்தார்கள். அந்த வருடம் கெர்ஸ்பாக்கில் ஒன்பது பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது, ஒன்பது பேரும் ஒரு முழச் சீர்த்துணிகூட இல்லாமல் புகுந்த வீடு போனார்கள். மாமியார்கள் யாரும் வாய் திறக்கவில்லை, அவர்கள் பெட்டிகளும் காலிதான்.