தண்ணீரில் நின்ற வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே இன்னும் போர்வைக்குள் கிடந்தது. அவள் மட்டும் வாசலில் நின்ற வண்டிக்குள் மண்டி போட்டு, பின்சீட்டுக்கு அடியில் சோடா உப்பைத் தூவி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க நாற்றம் அடங்குவதற்குப் பதிலாகக் கிளம்பி வந்தது. சே, என்ன பிழைப்பு இது என்று இருந்தது அவளுக்கு. கொஞ்ச நேரத்தில் தம்பி வந்துவிடுவான். கூடவே அவன் பெண்டாட்டியும் கைக்குழந்தையும். வண்டியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். "பாக்க என்னக்கா இருக்கு, பிடிச்சா எடுத்துட்டே போயிடுறோம்" என்று போனிலேயே சொல்லிவிட்டான். அந்த வார்த்தைதான் இரவெல்லாம் அவளைத் தூங்க விடவில்லை.

அவள் மூக்கைச் சுளிக்கிற ரகம் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூத்திரக் குப்பி, மலக் குப்பி, சளி டப்பா எல்லாம் விடிந்தால் அவள் கைக்குத்தான் வந்து சேரும். அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, கையைக் கழுவி, பக்கத்து அறையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பவள். அப்படிப்பட்டவளுக்கே இந்த வண்டியில் ஏறினால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. சாக்கடை நாற்றம் என்று சொன்னால் சாக்கடை கோபித்துக்கொள்ளும். நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துபோய், பிறகு அதன் தலையில் எலுமிச்சை சென்ட்டைக் கொட்டினால் வருமே, அந்த மாதிரி. ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் பாதியில் இறங்கி, ரோட்டோரமாகவே வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்துப்போய் உள்ளே நுழைந்தவளைப் பார்த்து, கூட வேலை செய்கிறவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"என்ன, விசேஷமா?"

"இந்த வயசுல விசேஷம் ஒண்ணுதான் குறைச்சல்! எல்லாம் அந்த நாசமாப் போன வண்டி பண்ற வேலை."

இத்தனைக்கும் அவள் புருஷன் ஏமாளி இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். சமையலறைக்கு அலமாரி அடித்துக் கொடுக்கிற தொழில் அவனுக்கு. மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பூச்சி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். பங்களாக்காரர்கள் வீட்டு வாசலில் ஓட்டை வண்டியில் போய் இறங்கினால் ஒருத்தனும் மதிக்க மாட்டேனென்கிறான், பழசானாலும் பரவாயில்லை, பெரிய சொகுசு எஸ்யூவிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சரி, ஆசைப்படுகிறான் என்று அவளும் தலையாட்டினாள். பழைய வண்டி விற்கும் இடங்கள் ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கினான். பாக்கெட்டில் எப்போதும் ஒரு சின்ன டார்ச். வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுப்பான், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பான், தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்ப்பான். கதவின் ஓரத்தில் பெயிண்ட் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது என்று ஒரு வண்டியைத் தள்ளினான். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்று இன்னொன்றைத் தள்ளினான். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லையே இந்த மனுஷன் என்று அவள் கேலி செய்தாள்.

அப்போதுதான் அவன் அண்ணன் குறுக்கே வந்தார். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர். உட்கார் என்றால் உட்கார வேண்டும், எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும். "வெளியில எதுக்குடா நாய் மாதிரி அலையுற? நம்ம வண்டி இருக்குல்ல, எடுத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். டார்ச் பாக்கெட்டிலேயே தங்கிவிட்டது.

"ஒரு தடவை மெக்கானிக்க கூட்டிட்டுப் போய் காட்டிடுங்களேன்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணன் வண்டிய டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்றியா? அப்புறம் அவர் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

அந்த வருஷ மழையில் பெரியவர் குடியிருக்கும் கட்டடத்தில் வண்டி நிறுத்துகிற அடித்தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. வண்டியைப் பற்றிக் கேட்டதற்கு, அது வெளியூரில் இருந்தது என்று சொல்லியிருந்தார். சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். அவர் சொன்னால் நம்புவதுதான் அந்த வீட்டில் வழக்கம்.

வாங்கிய புதிதில் வண்டி ராஜா மாதிரித்தான் நின்றது. பிறகு ஆரம்பித்தது கூத்து. ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி விடிந்து பார்த்தால் ஒரு பக்கம் சரிந்து, நாய் காலைத் தூக்கிய மாதிரி நிற்கும். கூரைக் கண்ணாடி தானாகத் திறந்துகொள்ளும், மூடு என்றால் மூடாது. முன்னால் சிவப்பும் மஞ்சளுமாக ஏதாவது ஒரு விளக்கு சதா எரிந்துகொண்டே இருக்கும். எந்தச் சாமான் கேட்டாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பார்கள். அதுவரைக்கும் பங்களாக்காரர்கள் வீட்டுக்கு அவன் பஸ்ஸில் போனான். கடைசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சீட்டைக் கழற்றி எடுத்தார்கள். அடியில் இருந்த போல்ட்டெல்லாம் துருவேறி, அதைச் சுற்றிச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. "தண்ணில நின்ன வண்டி சார். யார் உங்க தலையில கட்டுனது?" என்று மெக்கானிக் கேட்டான். புருஷன் சீட்டைத் திருப்பி மாட்டச் சொன்னான்.

சரி, அடுத்து அண்ணனிடம் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அந்த வாரமே பெரியவர் வீட்டில் சாப்பாடு. பெரியவர் விரலைச் சப்பிக்கொண்டே, கொஞ்சமும் கூசாமல், "வண்டி எப்படிடா ஓடுது?" என்று கேட்டார்.

"சூப்பரா ஓடுதுண்ணே."

அவள் பிசைந்த சோற்றை அப்படியே ஒதுக்கிவைத்தாள். எதிரே உட்கார்ந்து குழைகிற இந்த ஆளோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று குமட்டியது. அன்றைக்கு வண்டியின் நாற்றம்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அதற்கு மேலும் ஒன்று பாக்கி இருந்தது. போன வாரம், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், புருஷன் அவள் தம்பிக்குப் போன் போட்டு இந்த வண்டியை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். குழந்தை பிறந்ததிலிருந்து பெரிய வண்டி ஒன்று பார்க்கவேண்டும் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான். தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு வண்டி வாங்கிவிட்டால் அவனால் இந்த ஜென்மத்தில் இன்னொன்று வாங்க முடியாது. விஷயம் தெரிந்ததும் அவள் கத்தித் தீர்த்துவிட்டாள்.

"அவன் என் தம்பிங்க!"

"அதனாலதான் சொல்றேன். வெளியாள்னா டார்ச் அடிச்சுப் பாப்பான்."

எவ்வளவு நிதானமாகச் சொன்னான்! அவள் தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். எடுத்தவள், குழந்தைக்குச் சளி விட்டுதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். புருஷன் இப்படிப்பட்டவன் என்று தன் வாயாலேயே எப்படிச் சொல்வது? அதோடு, இந்தச் சனியன் வாசலை விட்டுத் தொலைந்தால் போதும் என்று மனசுக்குள் ஒரு மூலை சொன்னதும் பொய்யில்லை. அந்த மூலைதான் இப்போது அவளைப் பிரஷ்ஷும் கையுமாக மண்டி போட வைத்திருந்தது. மெக்கானிக் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து தொலையேண்டா என்று தம்பியை மனசுக்குள்ளேயே கெஞ்சினாள்.

தம்பி மெக்கானிக்கைக் கூட்டி வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்தான். "யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டியிருக்கலாம்லடா" என்று அவள் கேட்டதற்கு, "போக்கா, மாமா வண்டிக்கு எதுக்கு மெக்கானிக்? கேட்டா அசிங்கமா இருக்காது?" என்றான்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். புருஷன் ஓட்டினான், தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் அவளும், தம்பி பெண்டாட்டியும், மடியில் குழந்தையும். நாலு ஜன்னலையும் புருஷன் முழுக்க இறக்கி விட்டிருந்தான். "இந்தக் காத்துக்கு ஏசி எதுக்கு மாப்ள?" என்று சிரித்தான். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தம்பி முன்பலகையைத் தடவித் தடவிப் பார்த்தான். குழந்தை காலை உதைத்துக்கொண்டு, அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. காலையில் அந்தக் கையால்தான் சீட்டுக்கு அடியில் தேய்த்தாள். சோப்புப் போட்டு நன்றாகத்தான் கழுவியிருந்தாள். ஆனாலும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. விரலை உருவிக்கொண்டாள்.

"கண்ணாடிய ஏத்துங்க. ஏசி போடுங்க" என்றாள்.

புருஷன் பின்பார்க்கும் கண்ணாடி வழியாக முறைத்தான். "குழந்தைக்கு ஆகாது, விடு."

"அவன் காசு குடுத்து வாங்கப் போறான். ஏசி வேலை செய்யுதான்னு பாக்க வேண்டாமா? தம்பி, அந்த ஏசி பட்டனை அமுக்கு."

தம்பி அமுக்கினான். புருஷன் வேறு வழியில்லாமல் நாலு ஜன்னலையும் ஏற்றினான். முதலில் எலுமிச்சை வந்தது. பிறகு குளிர்ந்த காற்றோடு, அடியில் ஊறிக் கிடந்தது மொத்தமும் வந்தது. குழந்தை தும்மியது, அப்புறம் வீரிட்டு அழுதது. தம்பி பெண்டாட்டி துண்டை எடுத்து அதன் மூக்கைப் பொத்தினாள். புருஷன் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். தம்பியின் கழுத்தில் நரம்பு புடைப்பது பின்னால் இருந்தே அவளுக்குத் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டான், இனி வாயைத் திறந்து கேட்பான் என்று அவள் முன்னால் சாய்ந்து காத்திருந்தாள்.

தம்பி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். சிரித்தான்.

"பழைய வண்டின்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்க்கா. பாத்துக்கலாம். வண்டி சூப்பரா இருக்கு மாமா."

அதே வார்த்தை. அதே குழைவு. அவள் முன்சீட்டின் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

"வண்டிய நிறுத்துங்க."

"ஏய், என்ன இப்போ..."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

ரோட்டோரமாக ஒதுக்கினான். அவள் இறங்கிச் சுற்றி வந்து, தம்பி பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவன் காலைத் தள்ளிவிட்டு மிதியடியைத் தூக்கி வெளியே எறிந்தாள். தரைவிரிப்பின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சர்ரென்று பிய்ந்து வந்தது. அடியில் இருந்த பஞ்சு ஊறிப் பொதபொதவென்று கிடந்தது. கையை விட்டுப் பிழிந்தாள். விரலிடுக்கில் கறுப்பாக வழிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மானத்த வாங்காதடி" என்று புருஷன் பல்லுக்கு நடுவில் சொன்னான்.

அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. சொட்டுகிற கையைத் தம்பியின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாரு. இதுல உன் புள்ளையப் படுக்க வைப்பியா? வாயைத் திறந்து சொல்லுடா!"

தம்பி முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான். அவள் கையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "பரவால்லக்கா... கார்ப்பெட்ட மாத்திக்கலாம்... மாமா என்ன தெரிஞ்சா செஞ்சாரு" என்றான்.

பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தாள். நேராகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, அம்மாவின் தோளுக்கு மேலாக வண்டியையே பார்த்தது.

தூரத்தில் பஸ் திரும்பி வருவது தெரிந்தது. தம்பி பெண்டாட்டி அதை நிறுத்தக் கையை நீட்டினாள். தம்பி தன் பெண்டாட்டியைப் பார்த்தபடியே வண்டியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. சீட் பெல்ட்டை அவன் கழற்றவில்லை.