வற்ற வேண்டிய குட்டை

தண்ணீர் லாரி சாலையை விட்டு இறங்கிக் குட்டையை நோக்கித் திரும்பியதைப் பார்த்ததும், கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்தபடி அவள் ஓடினாள். லாரி ஒரு முழத் தூரத்தில் குலுங்கி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அண்ணன்.

இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தது ஒரு மழைக்காலத்தில். இந்தக் குட்டையின் மீன்கள் உயிரோடு இருப்பதும் மழைக்காலத்தில்தான். பொரித்து, வளர்ந்து, இணை சேர்ந்து, சேற்றில் முட்டையிட்டு, குட்டை வற்றும்போது செத்துப்போகும் அந்தச் சில மாதங்களில் அவளால் அங்கிங்கு நகர முடியாது. ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மீன்களைக் காக்கும் வேலைக்கு அவள் ஒருத்திதான். அம்மாவைக் குளிப்பாட்டி, துடைத்து, புரட்டிப் போட்டதெல்லாம் அண்ணனும் அண்ணியும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னால், "அவளுக்கு மீனுதான் பெத்த தாய்" என்றான் அண்ணன். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது அவன் கதவைத் திறந்து குதித்தான்.

"என்ன குறுக்க பாயுற? ஏத்தியிருப்பேன்!"

"இதுக்கு மேல வண்டிய விடாதண்ணா. மண்ணுக்குள்ள முட்டை இருக்கு."

அவன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"உன் மருமக இந்தக் குட்டை வத்துற படத்த செல்லுல காமிச்சா. அத்தையோட மீனெல்லாம் சாகப்போகுதுன்னு சோறு தண்ணி இல்லாம ஒரே அழுகை. ஓட்டலுக்குப் போற லோடு, இங்க திருப்பிட்டேன். நல்ல தண்ணிதான்."

காலையிலிருந்து மூன்று பேர் வந்துபோயிருந்தார்கள். வற்றுகிற குட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மண்ணடித்து மூடலாமே என்று ஒருவர். கலர் மீன் வாங்கி விடட்டுமா என்று இன்னொருவர். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்த பதிலை இவனிடமும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால்தான் என்ன? அவளுடைய வேலைக்காக அவன் இறங்கி வந்தது இதுதான் முதல் தடவை. ஆனால் இந்த மீனுக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு குட்டைதான். மற்ற குட்டைகளின் மேலெல்லாம் கட்டடம் எழும்பிவிட்டது.

"ஊத்தக்கூடாதுண்ணா."

"ஏன்?"

"இது வத்தணும். மண்ணு காஞ்சாத்தான் அடுத்த மழைக்கு முட்டை பொரிக்கும். இப்ப தண்ணி நின்னா அத்தனையும் அழுகிடும்."

"அப்ப இதுங்க?"

"செத்துடும்."

"நீ பாத்துக்கிட்டு நிப்பியா?"

"அதான் வேலை."

"இதுக்கு ஒரு படிப்பு, ஒரு சம்பளம்" என்றான். கிண்டலாகத் தொடங்கிய குரல் பாதியிலேயே சோர்ந்துவிட்டது. லாரியில் ஏறி, அவள் கை காட்டிய வழியில் பின்னாலேயே எடுத்துச் சாலையோரம் நிறுத்தினான். போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் இறங்கித் திரும்பி நடந்து வந்தான்.

"அம்மா கடைசில உன்ன எங்கன்னு கேட்டுச்சு."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போயிருக்கான்னு சொன்னேன். சரி, வேலையப் பாக்கட்டும்னுச்சு. அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்ல மனசு வரல."

அவள் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. உடம்பில் அதற்குக்கூடத் தெம்பில்லை போலிருந்தது.

வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. குட்டையில் மிச்சமிருந்தது ஒரு முறத்தளவு தண்ணீர். அதற்குள் நீலமும் சிவப்புமாக மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து வாயைத் திறந்து திறந்து மூடின. எதிர்க்கரையில் கொக்கு ஒன்று வந்து இறங்கியது. அதை விரட்ட அண்ணன் கையை ஓங்கினான். அவள் வேண்டாமென்று தலையசைக்கவே, தாழ்த்திக்கொண்டான்.

பிறகு சேற்றை மிதிக்காமல் நடப்பதற்காக அவள் போட்டிருந்த பலகையின் மேல் ஒவ்வோர் அடியாக வைத்து, வெயில் வரும் பக்கமாகப் போய் முதுகைக் காட்டி நின்றான். அவனுடைய அகன்ற நிழல் அந்தத் தண்ணீரின் மேல் விழுந்தது. ஒன்றிரண்டாக மீன்கள் அதற்குள் நகர்ந்தன.