அனுப்பாத பேச்சு

மௌன விரதத்துக்காக வந்து மாடி அறைகளில் வாடகைக்கு இருந்த மௌனிகள் நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் காசி தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "இந்த ரசத்த மாடு கூட மோந்து பாக்காது." திரௌபதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறப்பதற்குள், "இன்னியிலேர்ந்து நானும் மௌனம்" என்று அறிவித்துவிட்டு எழுந்துவிட்டார். ஒரு மண்டலத்துக்குப் பேச்சில்லை, துண்டுச்சீட்டு இல்லை, வாட்ஸ்அப் இல்லை, சைகைகூட இல்லையாம். ரமணாசிரமத்துப் பக்கம் வீடு கட்டினால் இப்படியெல்லாம் தப்பிக்க வழி கிடைத்துவிடுகிறது.

அத்தனை பேர் முன்னால் சொன்னதற்குத் திரௌபதிக்கு மன்னிப்பு வேண்டும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் கீர்த்தனாவுக்குப் போன் போட்டு அழுதாள். இங்கே வீட்டிலிருந்த டேப்லெட்டில் திறந்து எழுதுகிற மாதிரி கீர்த்தனா ஒரு பக்கம் செய்து கொடுத்தாள்.

"கேளுப்பா" என்று ஸ்பீக்கரில் வாதாடினாள். "இதுல எழுதுனா பிரௌசரோட லோக்கல் ஸ்டோரேஜ்ல நிக்கும். மூடினாலும் போவாது. ஆனா யாருக்கும் அனுப்பாது, இந்த டேப்லெட்ட உட்டுத் தாண்டாது. அனுப்புனாதானே பேச்சு? அம்மா வந்து பாத்தா அது அம்மா இஷ்டம்."

காசி கண்ணை மூடி யோசித்தார். பிறகு டேப்லெட்டை இழுத்து, "மோர் புளிப்பு ஜாஸ்தி" என்று எழுதினார்.

மன்னிப்பைத் தவிர மற்றதெல்லாம் எழுதினார். தன் மௌன அனுபவங்களைப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தார். புத்தகமாகப் போடும் எண்ணம். திரௌபதியும் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பட்டதையெல்லாம் ஏற்றினாள். விஷயம் தெரிந்து மாடி மௌனிகளும் இறங்கி வந்தார்கள். வெந்நீருக்கும் ஃபேனுக்கும் அவர்கள் அதில் போட்ட சண்டையை வாயால் போட்டிருந்தால் செங்கம் ரோடே கூடியிருக்கும். அதில் ஒருவர், ஜெர்மன்காரர், தினமும் மலையைப் படமெடுத்து வேறு ஒட்டிக்கொண்டிருந்தார்.

காசிக்குச் சளி பிடித்தது. இருமலைக் கேட்டு மனசு தாங்காமல் திரௌபதி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் நேரே டேப்லெட்டிடம் போனார். நெடுநேரம் தட்டினார். சேமிக்கப் போனால், இடமில்லை என்று வந்தது. எழுதியது அப்படியே காணாமல் போயிற்று.

"இன்னா எழுதுனீங்க?" என்று அவரிடம் கேட்ட திரௌபதி மகளுக்குப் போன் போட்டாள்.

"அதோட வயிறு அஞ்சு மெகாபைட்தாம்மா" என்றாள் கீர்த்தனா போனில். "யாராவது எதையாவது அழிச்சாதான் இனிமே எழுத முடியும்."

மௌனிகள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெர்மன்காரர் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காசி அதைப் பிடுங்கினார். அவர் விரல் திரௌபதி எழுதியவற்றின் மேல் வந்து நின்றது. விரல் நகர்ந்தது. தன் மௌன அனுபவங்கள் அத்தனையையும் அழித்தார். காலியான இடத்தில் ஒரே வரி எழுதினார்: "நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடு."

படித்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷம்தான். ஆனாலும் விடவில்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் வாயாலதானே சொன்னீங்க? இதையும் வாயால படிங்க."

விரதம் முடிய இன்னும் நாளிருந்தது. காசி ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கரகரத்த குரலில் படித்தே விட்டார்.

மௌனிகள் நால்வரும் பதறிப்போய், உதட்டில் விரல் வைத்து, "உஷ்ஷ்!" என்றார்கள்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவர்களை அதட்டிவிட்டுத் திரௌபதி புருஷன் பக்கம் திரும்பினாள். "எனக்குச் சரியா கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க."