ஊதிவிட்ட உமி

பழங்கால உமியை ஆராய்கிற உமியக்காவின் கணவர் அரவை மில்லில் தானியம் சுத்தம் பார்க்கிறவர். மொசைக் தரையில் உட்கார வைத்தால் அதிலுள்ள கல்லையும் பொறுக்கிவிடுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் பாதித் தரையைப் பெயர்த்ததாகப் பேச்சு. அப்பேர்ப்பட்ட மனுஷனை அகழாய்வுக் குழியில் கிடைத்த தானியத் தட்டோடு அவளுடைய ஆய்வுக்கூடத்தில் தனியே விட்டுக் கைகழுவப் போனது அக்காவின் தப்புதான்.

திரும்பி வந்தால் தட்டு பளிச்சென்று இருந்தது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பு யாரோ அடுப்பில் கருகவிட்ட தானியம் மட்டும் மணிமணியாக ஒரு கைப்பிடி. கூடவே இருந்த கருகிய உமி, கதிர்க்காம்பு, களைவிதை எதையும் காணோம்.

"ஒரே குப்பையா கெடந்துது. ஊதி வெச்சிருக்கேன். சாப்பிட வா," என்றார், கேரியரைத் திறந்தபடி.

அக்கா குனிந்து தட்டுக்கு அடியிலும் பார்த்தாள். "அந்தக் குப்பைதாங்க எனக்கு வேணும்."

"உமியா?"

"வெறும் மணி கெடச்சா, வாங்கித் தின்ன ஜனம்னு முடிச்சிடுவாங்க. உமியும் களையும் சேந்து கெடச்சாத்தான் இங்கயே வெதச்சு, அறுத்து, அடிச்சாங்கன்னு காட்ட முடியும். அத வெச்சுத்தான் குழிய மூடாதீங்கன்னு கேக்கணும். அதிகாரி இப்ப வந்துடுவாரு."

மேலே மின்விசிறி தனக்கொன்றும் தெரியாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் மண்டியிட்டுத் தூரிகையால் தரையைப் பெருக்கினார்கள். கறுப்புத் தூள் நிறையவே சேர்ந்தது. கீழே இஸ்திரிக் கடை. அந்தக் கரியும் ஜன்னல் வழியாக வந்து அதே தரையில்தான் குடியிருந்தது. எது எந்தக் காலத்துக் கரி என்று பிரிக்க வழியில்லை.

"எல்லாம் கரிதானே, தட்டுல போடு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"நீ உங்கிட்டயே சொல்லிக்காம இரு."

அக்காவின் கை தட்டுவரை போயிற்று. பிறகு கூட்டியதைக் குப்பைக்கூடையில் கொட்டினாள்.

அதிகாரி வந்து குனிந்து பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்கே."

"இவர்தான் சார் சுத்தம் பண்ணிட்டார்."

கணவர் பாராட்டென்று நினைத்துக் கும்பிட்டார்.

"உமி இருந்ததா? படம் எடுத்தீங்களா?"

"சாப்பிட்டுட்டு எடுக்கலாம்னு இருந்தேன். கண்ணால பாத்தேன் சார்."

"உங்க கண்ண நான் எப்படிம்மா ஃபைல்ல ஒட்டறது? குழிய மூட லாரி கெளம்பியாச்சு."

அவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குழியில் ஒரு லோடு மண் விழுந்திருந்தது. தானியம் கருகிய அந்தப் பழைய அடுப்பின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா சறுக்கிக்கொண்டே உள்ளே இறங்கினாள்.

"மேல வாங்கக்கா, கொட்டணும்," என்றார் டிரைவர்.

"ஒரு வாளி மண்ணு எடுத்துக்கறேன், தம்பி."

"ஒரு வாளிக்கா இந்த ஓட்டம்? ஒரு லோடே தரேன், எடுத்துட்டுப் போங்க."

அக்கா நகத்தால் அடுப்பைச் சுரண்டினாள். கணவர் டிரைவரிடம் வாளியும் தண்ணீரும் கெஞ்சி வாங்கி வந்தார். மண்ணைப் போட்டுக் கலக்கினால் கருகினது மிதக்கும், மற்றது அடங்கும். அவளுடைய தொழிலே அவ்வளவுதான்.

கலக்கினாள். மண் அடங்கியது. தண்ணீர் தெளிந்தது. ஓர் எறும்பு மட்டும் நீந்தியது.

டிரைவர் அடுத்த லோடைக் கொட்ட வண்டியைக் கிளப்பினார்.

"இன்னொரு வாட்டி கலக்கு," என்றார் கணவர்.

அவள் அதற்கு முன்பே கையை முழங்கைவரை வாளிக்குள் விட்டிருந்தாள்.